தக்கை மேலே எழும்பினால்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கு நான் நலம். நீங்களும் சித்தியும் எப்படி இருக்கிறீர்கள்? இங்கே எப்படி மீன் பிடிக்கிறார்கள் என்று போனில் கேட்டீர்கள். போனில் அதை விளக்க முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

லண்டனில் நான் குடியிருக்கும் ஆல்பர்ட்டனில் கடைத்தெருவைத் தாண்டியே கிராண்ட் யூனியன் கால்வாயின் பேடிங்டன் கிளை போகிறது. 1801-இல் திறந்தது. பாசனத்துக்கு வெட்டியதில்லை, சரக்குப் படகு போவதற்கு. அந்தக் காலத்தில் கரையில் குதிரை நடந்து படகை இழுக்கும். அந்தப் பாதையில்தான் இப்போது தூண்டில்காரர்கள் உட்கார்கிறார்கள். தண்ணீர் ஓடுவதே தெரியாது, படகு போனால் கலங்கும், அவ்வளவுதான்.

எங்கள் டிப்போவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எனக்குப் பழக்கிவிட்டார். முதலில் லைசன்ஸ் எடுக்கச் சொன்னார். தூண்டில் போடவும் அரசாங்க லைசன்ஸ் வேண்டும் சித்தப்பா! கரை ஏதாவது சங்கத்தின் பொறுப்பில் இருந்தால் அவர்களிடமும் சீட்டு வாங்க வேண்டும். கெண்டை வகை மீன்களுக்கு ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தூண்டில் போடக்கூடாது, முட்டையிடும் காலம். பெரும்பாலான கால்வாய்களுக்கு அந்தத் தடை இல்லை.

நான் தேடிப் போவது இரண்டு மீன்: டென்ச், பிரீம். இரண்டும் கெண்டை வகையறாதான். பிரீம் தாம்பாளம் போலத் தட்டை, கூட்டமாக மேயும். டென்ச்தான் அழகு. பாசிப்பச்சை உடம்பு, பொடிப் பொடிச் செதில், குட்டியாகச் சிவப்புக் கண். உடம்பெல்லாம் வழும்பு, விரால் பிடித்துப் பழகிய கையிலும் நிற்காது. நோய்ப்பட்ட மீன்கள் அந்த வழும்பில் உரசிக் குணமாகும் என்று இங்கே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. விடியற்காலையில் நாணல் ஓரம் அது சேற்றைக் கிளறும்போது ஊசிமுனைக் குமிழிகள் கொத்துக் கொத்தாக மேலே வரும். அதைப் பார்த்துவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

மண்புழு, சோளமுத்து, ஈப்புழு எல்லாம் இரை. ரொட்டித் தூளைப் பிசைந்து உருட்டிப் போட்டு முதலில் மீனைக் கூட்டுவார்கள். ஊரில் தவிடு போடுகிறோமே, அதே வேலை.

முக்கியமாகச் சொல்ல வந்தது தக்கை பற்றி. நமக்கு அது முங்கினால்தான் கடி. இங்கே இந்த மீன்களுக்குத் தக்கை மேலே எழும்பும்! தூண்டில் முள்ளிலிருந்து நாலு விரல் தள்ளி, நரம்பில் பாரத்துக்கு ஒரே ஒரு குண்டு. தக்கையை அடிப்பக்கம் மட்டும் நரம்பில் மாட்டி, ஆழத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக வைக்க வேண்டும். குண்டு தரையில் உட்கார்ந்ததும் நரம்பை மெல்ல விறைப்பாக்கினால் தக்கையின் நுனி மட்டும் தெரியும். மீன் தலைகீழாகக் கவிழ்ந்து இரையை வாங்கி நிமிரும்போது குண்டையும் சேர்த்துத் தூக்கும். பாரம் போன தக்கை எழும்பி அப்படியே தண்ணீரில் படுத்துவிடும். அதுதான் சுண்டுகிற நேரம். குண்டு ஈயமில்லை. அன்னங்கள் விழுங்கிச் செத்ததால் 1987-இல் சின்ன ஈயக் குண்டுகளைத் தடை செய்துவிட்டார்கள்.

சித்தி என்ன குழம்பு வைத்தாய் என்று கேட்பார். யாரும் எடுத்துப் போவதில்லை சித்தப்பா. கையை நனைத்துக்கொண்டு, ஈர விரிப்பில் கிடத்தி, எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளைக் கழற்றித் திரும்பத் தண்ணீரில் விடுகிறார்கள். டென்ச் மெதுவாக வளரும், பல வருஷம் வாழும். பெரியவர் அதைத் தலை நிமிர்த்திப் பிடித்து, மூச்சு வாங்கித் தானே நீந்திப் போகும்வரை விடமாட்டார். நானும் அப்படியே பழகிக்கொண்டேன், எனக்கு அது பிடித்திருக்கிறது.

நம் குளத்தில் மீன் மணலில் மேயும் காலத்தில் இந்த ஒற்றைக் குண்டு முறையைப் போட்டுப் பாருங்கள். கெண்டை தக்கையைத் தூக்குகிறதா, வழக்கம்போல இழுக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டும். தம்பியிடம் சொல்லி வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்