கீரையை முதலில் சமை

அன்புள்ள கண்ணுக்கு,

சனிக்கிழமை ராத்திரி மாமா ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை வருகிறார். அவரிடம் ஒரு வயர் கூடையும் அட்டைப்பெட்டியும் கொடுத்தனுப்புகிறேன். ஞாயிறு விடிகாலை சென்ட்ரலுக்கே போய் வாங்கிக்கொள். ஃபோனை அணைத்து வைத்துத் தூங்கிவிடாதே.

அவரைக்காய்ப் பொரியலுக்கு எத்தனை கரண்டி தேங்காய், எத்தனை நிமிஷம் என்று போன வாரம் கேட்டாய். காயைப் பார்க்காமல் நான் என்ன அளவு சொல்ல? ஆடியில் ஊன்றிய கொடி இப்போது தையில் பந்தல் கொள்ளாமல் காய்க்கிறது. பகல் குறைந்தால்தான் நாட்டு அவரை பூவே எடுக்கும். நீ கடையில் வருஷம் முழுக்க வாங்குவது செடி அவரை, அதன் சங்கதி வேறு. நான் அனுப்புவது பிஞ்சு. நார் உரித்து, பொடியாக நறுக்கி, சின்ன வெங்காயமும் வரமிளகாயும் தாளித்து, கை நிறைய தண்ணீர் தெளித்தால் போதும். ஒன்றை எடுத்துக் கடித்துப் பார். நறுக்கென்று இருக்கும்போதே தேங்காய்ப்பூவைத் தூவி இறக்கிவிடு. மசாலாப் பொடி எதையும் போடாதே. பழைய காயின் வாசத்தை மறைக்கத்தான் அதெல்லாம்.

கூடையில் மேலாக ஈரத்துணியில் சுற்றியிருப்பது மணத்தக்காளிக் கீரை. அன்றைக்கே சமைத்துவிடு, மறுநாளைக்கு வைக்காதே. நாலைந்து சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், ஒரு தக்காளி போட்டு, மூடாமல் வேகவை. மூடினால் பச்சை நிறம் போய்விடும். மத்தால் கடைய வேண்டும். மிக்ஸியில் போட்டால் கூழாகிவிடும், பிறகு கீரை நன்றாக இல்லை என்று எனக்கு ஃபோன் செய்வாய்.

அடுத்தது பச்சைத் துவரை. பட்டாணியோ சோளக்கதிரோ பறித்ததும் அதில் இருக்கும் இனிப்பு மாவாக மாறத் தொடங்கிவிடும். துவரையையும் அப்படியே நினைத்துக்கொண்டு திங்கட்கிழமைக்குள் முடித்துவிடு. பாதியைத் தோலோடு உப்புப் போட்டு அவித்துத் தின்னு, மீதியை உரித்துக் குழம்பு வை. ஊறவைக்க வேண்டியதில்லை. புளியை மட்டும் பருப்பு வெந்த பிறகு ஊற்று. புளிப்பு முதலிலேயே இறங்கிவிட்டால் எந்தப் பருப்பும் வேகாமல் அடம் பிடிக்கும். உன் வீட்டில் பருப்பு வேக மாட்டேன் என்கிறது என்றாயே, அதற்குக் காரணம் அந்த போர் தண்ணீராகத்தான் இருக்கும். கடினத் தண்ணீரில் பருப்பின் தோல் கெட்டிப்பட்டுவிடும். சமைக்க மட்டுமாவது கேன் தண்ணீர் எடு.

கத்திரிக்காயில் ஒன்றிரண்டில் ஓட்டை இருக்கும். அதற்காகக் காயையே வீசாதே, அந்த இடத்தை மட்டும் வெட்டிப் போட்டுவிடு. மருந்து அடிக்காத செடி, புழு அதன் பங்கை எடுத்துக்கொள்ளத்தான் செய்யும். அவரையில் செடிப்பேன் வந்தபோதும் நான் விடிகாலையில் அடுப்புச் சாம்பலைத்தான் தூவினேன். கத்திரிக்காயை நறுக்கி உடனே தண்ணீரில் போடு, இல்லையென்றால் கறுத்துவிடும். தட்டைப்பயறு கொஞ்சம் தனியாகக் கட்டியிருக்கிறேன். இரண்டையும் சேர்த்துக் குழம்பு வைத்தால் உனக்கு வேறு எதுவும் வேண்டாம். தக்காளி நாட்டுத் தக்காளி, கடைத் தக்காளியைவிடப் புளிப்பு அதிகம், அதனால் புளியைப் பாதியாகக் குறை. ஃபிரிட்ஜில் வைக்காதே, சுவை செத்துவிடும்.

அரசாணிக்காயை, அதுதான் பரங்கிக்காயை, பற்றி அவசரமே இல்லை. காம்பு உடையாமல் ஒரு மூலையில் வைத்தால் மாசி முழுக்க இருக்கும்.

பெட்டிக்குள் ஒரு டப்பாவில் மஞ்சள்தூள் இருக்கிறது. நம் காட்டில் விளைந்த மஞ்சள், வேகவைத்துக் காயப்போட்டு மில்லில் அரைத்தது. கடைத்தூள் போடுகிற அளவில் பாதி போடு. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை உன் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார். விலை ஏறியதா என்று கேட்டால் மட்டும் மாட்டைப் பார்க்க எழுந்து போய்விடுவார்.

இதையெல்லாம் படித்துவிட்டு அம்மா வீட்டில் எப்போதும் தோட்டத்துக் காய்தான் என்று உன் நண்பர்களிடம் அளக்காதே. சித்திரை, வைகாசியில் இங்கேயும் ஒன்றும் இருக்காது. வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிட்டால் நானும் சந்தையில் பை தூக்கிக்கொண்டு நிற்பவள்தான். அதற்குத்தான் சுண்டைக்காயும் கொத்தவரையும் வற்றல் போடுவது. இந்த வருஷம் உனக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கிறேன், ஆனால் அதைக் கருகாமல் வறுக்க முதலில் கற்றுக்கொள். அடுப்பைச் சின்னதாக வைத்து, எண்ணெய் காய்ந்ததும் போட்டு, நிறம் மாறும் முன்பே எடுத்துவிட வேண்டும். எண்ணெயின் சூட்டிலேயே மீதி வறுபட்டுவிடும்.

உன் பக்கத்து வீட்டு அக்கா பொங்கலுக்கு உனக்குச் சாப்பாடு கொடுத்தாரே, அவருக்கு அவரையில் பாதியைக் கொடு. காயாகக் கொடு, நீ சமைத்ததைக் கொடுக்காதே.

மாமா புதன்கிழமை திரும்புகிறார். வயர் கூடையையும், தீபாவளிக்கு முறுக்கு வைத்துக் கொடுத்த எவர்சில்வர் டப்பாவையும் மூடியோடு அவரிடம் கொடுத்தனுப்பு.

அம்மா