கச்சானுக்கு ஒரு கரை, வாடைக்கு ஒரு கரை

மதுரையிலிருந்து கடற்கரைச் சுற்றுலா நடத்தும் வேன், பஸ் உரிமையாளர்களுக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் வணக்கம்.

ராமேசுவரம், தனுஷ்கோடி, திருச்செந்தூர், கன்னியாகுமரி என இரண்டே நாளில் சுற்றிக்காட்டிவிடுகிறீர்கள். தேவிபட்டினம், காரங்காடு, கீழக்கரை, மணப்பாடு எல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகின்றன. இந்தச் சின்ன ஊர்களுக்கென்று தனிப் பயணம் போடுங்கள். எந்த மாதம் எந்தக் கரை என்பதைக் காற்றைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.

ராமநாதபுரத்துக்கு வடக்கே பாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. வைகாசியிலிருந்து ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும். தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் அது தரையைக் கடந்து வருவதால் கடல் குளம்போலக் கிடக்கும். அதே நாளில் கீழக்கரை, ஏர்வாடியில் அலை எழும்பும், மணல் முகத்தில் அடிக்கும். மார்கழி, தையில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வீசும்போது வடகரை கலங்கும், தென்கரை அடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையும் புயலும். இரு கரையும் வேண்டாம்.

ஜூலைப் பயணமென்றால் அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். ராமநாதபுரம் 115 கிலோமீட்டர், அங்கிருந்து தேவிபட்டினம் 15. நவக்கிரகங்களாக வணங்கப்படும், கடலுக்குள் நிற்கும் நவபாஷாணக் கற்களை வெயில் ஏறுமுன் பார்த்துவிடலாம். ஆடி அமாவாசையன்று மட்டும் போகாதீர்கள், தர்ப்பணக் கூட்டத்தில் நிற்க இடமிராது. அடுத்து காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஏற்பாட்டில் படகு போகும். சின்னப் படகுகள்தான், சொல்லாமல் 50 பேரை இறக்கினால் பாதிப் பேர் கரையிலேயே காத்துக் கிடப்பார்கள்.

தை மாதமென்றால் கீழக்கரை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்வேலைப்பாடு ஒன்றுக்காகவே அந்த ஊருக்குப் போகலாம். அனுமதி கேட்டு உள்ளே செல்லுங்கள், வெள்ளிக்கிழமை நடுப்பகலைத் தவிருங்கள். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி, வேம்பார் என்று பனங்காட்டு வழியாகத் தூத்துக்குடி.

தீவுக்குக் கூட்டிப்போவதாக மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. வனத்துறை அனுமதியில்லாமல் மீன்பிடிப் படகில் ஆளேற்றிப் போனால் படகுக்காரர் மேல்தான் வழக்கு விழும். மே விடுமுறையில் வருகிறவர்களிடம் மீனைப் பற்றியும் முன்பே சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகா. நாட்டுப்படகு மீன் மட்டுமே கிடைக்கும், விலையும் கூடும்.

மணப்பாடு திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர். மேட்டின்மேல் 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். செப்டம்பர் 14 திருவிழாவையொட்டி வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கடினம். கீழே கழிமுகத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வற்றும் நேரத்தில் தண்ணீர் கடலை நோக்கி இழுக்கும். அங்கே யாரையும் குளிக்க விடாதீர்கள். கீழக்கரை வழியாக மணப்பாடு வர ஒருவழியே ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஆகிறது. இதை ஒருநாள் பயணமாக விற்காதீர்கள். இரவு திருச்செந்தூரில் தங்கவையுங்கள், ஓட்டுநருக்கும் அறையில் ஒரு கட்டில் கொடுங்கள்.

இப்படிக்கு,
மதுரைக் கடலோரப் பயணிகள் சிலர்