வண்டியைத் தூக்கும் முன் எத்தனை நாள்? ரிசர்வ் வங்கிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ரிசர்வ் வங்கி ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். என் சித்தப்பா மகன் லோனில் எடுத்த குட்டியானை லோடு வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். போன ஐப்பசி மழையில் லோடு கிடைக்காமல் இரண்டு டியூ நின்றுபோனது. ஒரு டியூவுக்கான பணத்தைப் புரட்டிக்கொண்டு ஃபைனான்ஸ் ஆபீஸுக்குப் போனான். "கொண்டு வந்தால் மொத்தமாகக் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார்கள். நாலாம் நாள் விடியற்காலை நாலரை மணிக்கு, தக்காளி லோடோடு மண்டி வாசலில் வண்டியை மறித்தார்கள். சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கினார்கள். வண்டியை அவனே மனமுவந்து ஒப்படைத்ததாக ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் அது. பெட்டிகளை நடைபாதையில் இறக்கி வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் பண்ணினான்.

பாக்கிக்காகக் கடன் வாங்கியவருக்குப் போன் பண்ணுவதென்றால்கூடக் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் கூடாது என்று 2022இல் நீங்கள் சுற்றறிக்கை விட்டீர்கள். எங்களுக்கு அந்த நேரத்தில் போன் எதுவும் வரவில்லை, அது உண்மைதான்.

தூக்கியதைக்கூட விடுங்கள். அன்று சாயங்காலமே கடன் வாங்கி, இரண்டு டியூவையும் அபராதத்தையும் எடுத்துக்கொண்டு, பிடித்த வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போனோம். "டியூ கட்டுகிற கட்டமெல்லாம் தாண்டிப் போச்சு. லோனை க்ளோஸ் பண்ணினால்தான் வண்டி" என்றார்கள். அதற்கு மேல் சீசிங் சார்ஜ், நாள் கணக்கில் யார்டு வாடகை வேறு. இரண்டு டியூ கட்டவே திணறியவன் மீதி முப்பது டியூவை ஒரே நாளில் எங்கிருந்து கொண்டு வருவான்? பாக்கியைக் கட்டிப் பழையபடி தவணையைத் தொடர்வது ஒன்று, மொத்தக் கடனையும் தீர்த்து வண்டியை மீட்பது வேறொன்று. முதல் வழியைப் பூட்டிவிட்டு இரண்டாவதைக் காட்டுவதை வாய்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் நியாய நடத்தை விதிகளைத் தேடிப் படித்தேன். வண்டியை எடுக்கும் முன் எவ்வளவு நாள் நோட்டீஸ், ஏலம் விடும் முன் கடைசி வாய்ப்பு எப்படி, இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்கிறீர்கள். சரி, எத்தனை நாள்? அதை மட்டும் சொல்லவில்லை. போதாததற்கு, எந்தச் சூழலில் நோட்டீஸே தேவையில்லை என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதுவது யார்? கடன் கொடுப்பவர்தான். பொடி எழுத்தில் நாற்பது பக்கம், பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம்.

வீட்டை அடமானம் வைத்தவருக்கு, நீதிமன்றம் போகாமலே அடமானச் சொத்தை எடுக்கக் கடன் கொடுத்தவருக்கு அதிகாரம் தரும் 2002ஆம் வருட சர்ஃபேசி சட்டத்தில்கூட 60 நாள் நோட்டீஸ் உண்டு. ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். 20 லட்சத்துக்குக் கீழான கடனுக்கு, வங்கியல்லாத நிதி நிறுவனங்கள் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியாது. அது சின்னக் கடன்காரனுக்குச் சாதகம் என்றுதான் முதலில் நினைத்தேன். நடப்பில், அவன் அந்த ஒப்பந்தத்தின் தயவிலேயே விடப்படுகிறான்.

இதை யாரும் யோசிக்காமல் இல்லை. தவணையில் குறிப்பிட்ட பங்கைக் கட்டி முடித்துவிட்டால் நீதிமன்றம் போகாமல் பொருளை எடுக்கக் கூடாது என்று 1972இலேயே நம் நாடாளுமன்றம் வாடகைக் கொள்முதல் சட்டம் போட்டது. நடைமுறைக்கே வராமல் 2005இல் அது ரத்தானது. பிரிட்டனின் 1974ஆம் வருட நுகர்வோர் கடன் சட்டமோ இன்றும் இருக்கிறது. குறைந்தது 14 நாள் நோட்டீஸ் தர வேண்டும், அதற்குள் பாக்கியைக் கட்டிவிட்டால் தவறே நடக்காத மாதிரிதான் கணக்கு.

கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லவில்லை. தவணை தவறினால் கொடுத்தவருக்கும் நஷ்டம்தான், கட்டாதவன் வண்டியை எடுக்கட்டும். ஆனால் அதற்கு முன், கடன்காரருக்குப் புரியும் மொழியில் ஒரு தாள் வர வேண்டும், ஜாமீன்தாரருக்கும் ஒரு பிரதியோடு. எவ்வளவு கட்டினால் கணக்கு நேராகும், எங்கே கட்டுவது, எந்தத் தேதிக்குள் என்பது அதில் இருக்கட்டும். அந்தத் தேதிவரை பாதிப் பணம் கொண்டு போனாலும் வாங்கி ரசீது தர வேண்டும். தேதிக்கு முன் வண்டியைத் தொடக் கூடாது. நடுரோட்டில் வாங்கும் ஒப்படைப்புக் கடிதம் செல்லாது என்றும் ஒரு வரி சேருங்கள். நாள் 21 என்று வைத்தால் நல்லது, 15 என்றாலும் சரி. எண்ணை நீங்கள் எழுதுங்கள், ஃபைனான்ஸ்காரர் எழுத வேண்டாம்.

வண்டி இன்னும் யார்டில்தான் நிற்கிறது. ஏல நோட்டீஸ் போன வாரம் என் பெயருக்கு வந்தது. எனக்கு வந்த முதல் நோட்டீஸ் அதுதான்.

இப்படிக்கு,
ஜாமீன்தாரர்