அல் உலா தோப்பும் தண்ணீரும்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடு, அதில்தான் எல்லோரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். எனக்கு இங்கே சவுதியில், தபூக்கில் டியூட்டி எப்போதும்போல. லீவு கிடைத்தபோது எங்கள் வார்டு நர்ஸ்கள் சேர்ந்து வேன் பிடித்து அல் உலா என்ற பாலைவனச் சோலை ஊருக்குப் போய் வந்தோம்.

நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு, பாறைக்குள் கோயில் கட்டியிருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். கோயில் இல்லைடி, கல்லறைகள். அல் உலாவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பழைய ஊரின் பெயர் ஹெக்ரா, மதாயின் சாலிஹ் என்றும் சொல்வார்கள். நபதேயர்கள் என்ற பழங்கால அரபு வணிகக் கூட்டத்தார் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னால் மலையைக் குடைந்து செய்தவை. பெரிய கல்லறைகள் 111, அதில் 94-க்கு முகப்பில் வேலைப்பாடு. சவுதியில் முதன்முதலாக, 2008-ல், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய இடம் இதுதான். கஸ்ர் அல் ஃபரீத் என்று ஒன்று தன்னந்தனிப் பாறையில் நிற்கிறது. மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டே வந்து பாதியில் விட்டுவிட்டார்கள், அதனால் மேலே தூண் எல்லாம் வழவழவென்று இருக்க, கீழே உளி கொத்தின தடம் அப்படியே தெரிகிறது. சில வாசல்களுக்கு மேலே இது யாருடையது, எந்த ராஜா காலம், விற்றால் எவ்வளவு அபராதம் என்றெல்லாம் கல்வெட்டு உண்டு. ஹினாத் என்ற பெண் தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் என்று எழுதிவைத்த கல்லறைகூட இருக்கிறது.

வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள், எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. அந்தப் பள்ளத்தாக்கில் தண்ணீர் இல்லாவிட்டால் யார் வந்து குடியிருந்து கல் செதுக்கியிருப்பார்கள்? குந்திரிக்கமும் வாசனைப் பொருள்களும் ஏற்றிக்கொண்டு தெற்கிலிருந்து வந்த ஒட்டகக் கூட்டம் இங்கே தங்கியதே தண்ணீருக்காகத்தான். ஹெக்ராவிலேயே பழைய கிணறுகள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

தோப்பை நீ பார்க்க வேண்டும் செல்வி. இரண்டு பக்கமும் செம்மணற்கல் மலை, உயரத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல் பரப்பு, நடுவே பள்ளத்தாக்கு நெடுக ஒரே பச்சை. மேலே பேரீச்சை, அதன் நிழலில் ஆரஞ்சும் எலுமிச்சையும், அதற்கும் கீழே கீரையும் குதிரைமசாலும். வெளியே வெயிலில் நின்றுவிட்டு உள்ளே நுழைந்தால் மண்ணின் ஈர வாசனை முகத்தில் அடிக்கிறது, காலடியில் பாத்தி வரப்பு நம் ஊரில் போட்ட மாதிரியே இருக்கிறது. அப்புறம், அங்கே ஒரு முருங்கை! நம் முருங்கையின் பாலைவனச் சொந்தம். இலை உதிர்ந்து ஈர்க்கு ஈர்க்காகத் தொங்குகிறது, காய் மட்டும் நீளநீளமாக. அதன் விதையை ஆட்டி எண்ணெய் எடுத்து, அழகுப் பொருள்கள் செய்ய விற்கிறார்கள்.

அல் உலாவின் பழைய ஊரில் சுவரோடு சுவர் ஒட்டி ஏறக்குறைய 900 மண் வீடுகள், வெளிச்சுவர்களே கோட்டைச் சுவர். வெயில் காலத்தில் ஊரே தோப்புக்குள் குடிபோய்விடுமாம். தந்தோரா என்று கூம்பு மாதிரி ஒரு நிழல் கடிகாரம் அங்கே இருக்கிறது, அதன் நிழல் தரையில் பதித்த கல்லைத் தொட்டால் குளிர்காலம் தொடங்கிவிட்டது, விதைக்கலாம் என்று கணக்கு.

எங்கள் வார்டில் உள்ளூர்ப் பெண் ஒருத்தி ஹெக்ராவுக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். தமூது கூட்டத்தார் அழிந்த இடம், அங்கே சுற்றிப் பார்க்கக் கூடாது என்று அவள் வீட்டில் சொல்வார்களாம். குர்ஆனில் வருகிற கதை அது: சாலிஹ் நபியின் பெண் ஒட்டகத்துக்கு ஒரு நாள் தண்ணீர், ஊராருக்கு ஒரு நாள் என்று முறை. ஊரார் அந்த ஒட்டகத்தைக் கொன்றுவிட, பேரழிவு வந்தது. உங்கள் ஏரியில் தண்ணீர் முறைக்கு நடக்கும் சண்டையைப் பற்றி நீ எழுதியிருந்தாயே, அவள் சொன்னபோது அதுதான் ஞாபகம் வந்தது.

இப்போது அங்கே ஹோட்டலும் ரிசார்ட்டும் மளமளவென்று வருகின்றன. வரட்டும், ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும். ஆனால் முதல் பங்கு தண்ணீர் தோப்புக்குத்தான் போக வேண்டும் என்பேன், அங்கே நின்று பார்த்தால் நீயும் அப்படித்தான் சொல்வாய்.

சரி, உன் வீட்டு போர்வெல் என்ன ஆயிற்று? இன்னும் ஆழப்படுத்தப் போகிறீர்களா, இல்லை அண்ணன் சொன்னபடி பழைய கிணற்றைத் தூர் வாரப் போகிறீர்களா? எனக்கு அண்ணன் சொல்வதுதான் சரி என்று படுகிறது. முடிவு செய்துவிட்டு எழுது. அம்மாவைக் கேட்டதாகச் சொல், பேரீச்சம்பழம் வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மல்லிகா