தாபோவிலும் லாங்சாவிலும் எங்களைத் தாங்கியவர்களுக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதி பள்ளத்தாக்கில் எங்களுக்கு உதவிய எல்லோருக்கும், ஜூலே. (அங்கே வணக்கத்துக்கும் நன்றிக்கும் இந்த ஒரே சொல்தான்.)

இந்த மடலைத் தமிழில்தான் எழுதுகிறேன். உங்களில் யாருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த இந்தியில் வழி கேட்க முடிந்தது, சாப்பாடு கேட்க முடிந்தது. விடைபெறும் நேரத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்ல முடியவில்லை. தோழி ஒருத்தி இதை இந்தியில் பெயர்த்துத் தருகிறாள். ஸ்பிதியின் முக்கிய ஊரான காசாவில் எங்களுக்கு அறை கொடுத்த அக்காவின் போனுக்கு அனுப்புகிறேன். அவர் உங்களுக்குப் படித்துக் காட்டுவார். தமிழிலும் இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து இப்போது நிறையப் பேர் அங்கே வருகிறார்கள். யாருடைய கைகளைப் பிடித்துக்கொண்டு அந்த மலையில் ஏறி இறங்குகிறோம் என்று அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

அக்கா, முதல் நன்றி உங்களுக்கு. செப்டம்பரில் வரலாம் என்று முடிவானபோது ஒரு பயண ஏற்பாட்டாளர் எங்களுக்கு ஐந்து நாள் திட்டம் போட்டுக் கொடுத்திருந்தார். மணாலியில் விடிகாலையில் கிளம்புவது, அடல் சுரங்கத்தைத் தாண்டி, 4,500 மீட்டருக்கும் மேலே இருக்கிற குன்சும் கணவாயைக் கடந்து, அன்று இரவே காசா. அதாவது 2,000 மீட்டர் உயரத்தில் தூங்கி எழுந்தவர்கள் மறுநாள் 3,600 மீட்டருக்கு மேல் தூங்க வேண்டும். அங்கே காற்று மெல்லியது, உடம்பு அதற்குப் பழக நேரமே இல்லை. அம்மாவுக்கு 63 வயது என்றோம். மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்றார்.

அறை கேட்டு உங்களுக்குப் போன் செய்தபோது நீங்கள் வாடகையைச் சொல்லவில்லை. யார் யார் வருகிறீர்கள், வயது என்ன என்று கேட்டீர்கள். அப்புறம், “சிம்லா வழியாக வாருங்கள். கல்பாவில் இரண்டு ராத்திரி, தாபோவில் மூன்று ராத்திரி தங்குங்கள். அதற்குப் பிறகு என்னிடம் வரலாம்” என்றீர்கள். உங்கள் வீட்டில் நான்கு இரவு தங்குவதாக இருந்தவர்கள் இரண்டு இரவுதான் தங்க முடிந்தது. அந்த வருமானத்தை நீங்கள் ஒரு பேச்சாகக்கூட எடுக்கவில்லை. குளிர்காலத்தில் பாதி வருடம் ஆள் வராத ஊரில் இரண்டு இரவு வாடகை என்பது சின்ன விஷயம் இல்லை.

ராம்பூரிலிருந்து வண்டி ஓட்டி வந்த அண்ணனையும் அக்காதான் ஏற்பாடு செய்தார். அண்ணே, சத்லஜும் ஸ்பிதி ஆறும் கலக்கிற காப் பாலத்தில் நாங்கள் கேட்காமலே வண்டியை நிறுத்தி, இரண்டு தண்ணீரின் நிறத்தையும் பார்க்கச் சொன்னீர்கள். அங்கிருந்து மேலே பச்சை குறைந்துகொண்டே வந்தது. மரம் போய், புல் போய், கடைசியில் மண்ணும் கல்லும் வானமும்தான். நீங்கள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணாடியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதை நான் கவனித்தேன். அந்தக் கண்தான் பிறகு எங்களைக் காப்பாற்றியது.

நாகோவுக்கு அருகே மாலிங் ஓடையில் கல் விழுந்து சாலை அடைத்துக்கொண்டபோது ஐந்து மணி நேரம் நின்றோம். அங்கே சாலை வேலை செய்துகொண்டிருந்த தோழர்களே, உங்களுக்கும் நன்றி. ஜார்க்கண்டின் தும்காவிலிருந்து வருகிறோம் என்றீர்கள். தகரமும் தார்ப்பாயும் போட்ட கூடாரத்தில் அம்மாவை உட்காரவைத்து, பொரியும் பச்சை மிளகாயும் கொடுத்து, கறுப்புத் தேநீர் போட்டுக் கொடுத்தீர்கள். ஸ்பிதி போய்வந்த எல்லோரும் மலையைப் பற்றியும் மடாலயத்தைப் பற்றியும் எழுதுகிறார்கள். அந்தச் சாலையை ஒவ்வொரு வருடமும் மலையிடமிருந்து மீட்டுக் கொடுப்பவர்களைப் பற்றி நான் அதிகம் படித்ததில்லை. உங்கள் ஊரும் அங்கிருந்து வெகுதூரம்தான். எங்களைப் போலவே நீங்களும் சமவெளியிலிருந்து வந்து அந்தக் குளிரை உடம்பில் வாங்கியவர்கள்.

தாபோ. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா முப்பது வருடம் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியையாக இருந்தவர். ‘இமயத்தின் அஜந்தா’ என்று தாபோவைச் சொல்வார்கள் என்று எப்போதோ ஒரு பத்திரிகையில் படித்ததிலிருந்து அங்கே போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து பார்த்தபோது அவர் முகம் கொஞ்சம் வாடியது உண்மை. தாழ்வான மண் சுவர்கள், மண்ணாலான சோர்ட்டன்கள் (பௌத்த ஸ்தூபிகள்), பெரிய கோபுரம் எதுவும் கிடையாது. கி.பி. 996-இல் மேற்குத் திபெத்தின் குகே அரசர் யேஷே ஓ காலத்தில் கட்டியது. 46 வருடம் கழித்து 1042-இல் அவர் வம்சத்தில் வந்த சங்சுப் ஓ புதுப்பித்தார். இரண்டும் வெறும் மண் கட்டுமானம். ஆயிரம் வருடமாக நிற்கிறது.

லாமா ஐயா, நீங்கள் கதவைத் திறந்து எங்களை உள்ளே அழைத்துப் போனீர்கள். கூரையில் இருக்கிற சின்னத் திறப்பிலிருந்து விழுந்த வெளிச்சம் மட்டும்தான். கண் பழகப் பழக, சுவரில் ஆள் உயரச் சுதைச் சிற்பங்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வந்தன. முப்பதுக்கும் மேல் இருக்கும். நடுவில் நான்கு திசையும் பார்த்தபடி நான்கு உருவமாக வைரோசன புத்தர். அறையே ஒரு மண்டலம் (புத்தர்களின் உலகத்தைக் காட்டும் வடிவம்), நாம் அதற்குள் நிற்கிறோம் என்று நீங்கள் சொன்ன பிறகுதான் எங்களுக்கு விளங்கியது. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்ற விதி எவ்வளவு நல்லது! போனை எடுக்க முடியாததால்தான் நாங்கள் பார்த்தோம்.

மற்றவர்கள் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் அவசரப்படுத்தவில்லை. ஒரு கனமான கம்பளத்தைக் கொண்டுவந்து மடித்துப் போட்டீர்கள். உங்கள் டார்ச்சைச் சுவரின் கீழ்ப்பகுதியில் அடித்து, சிற்பங்களுக்குக் கீழே ஓடுகிற ஓவிய வரிசையைக் காட்டினீர்கள். “இவன் சுதனன். வணிகர் மகன். ஞானம் தேடிப் போகிறான். ஒருவரிடம் போனால் அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அடுத்து இன்னாரிடம் போ என்பார். இப்படி ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள்” என்று எளிய இந்தியில் சொன்னீர்கள். கப்பலோட்டி, வாசனைப் பொருள் விற்பவர், சின்னப் பையன், அரசன் எல்லோரும் அந்த வரிசையில் ஆசிரியர்கள்தாம். அம்மா ஒவ்வொரு கட்டத்தையும் விரலால் காற்றில் வரைந்துகொண்டே வந்தார். மறுநாளும் வந்தோம், அதற்கு மறுநாளும் வந்தோம். மூன்று முறையும் நீங்களே கதவைத் திறந்தீர்கள்.

ஊர் திரும்பியதும் அந்தக் கதையைத் தேடிப் படித்தேன். சுதனனுடைய ஆசிரியர்களில் ஒருவர் திராவிட நாட்டில் இருக்கிற மேகன். அன்றைக்கே தெரிந்திருந்தால் உங்களிடம் சொல்லியிருப்பேன், ஐயா. இன்னொன்றும் சொல்ல ஆசை. நீங்கள் 996 என்று சொன்னதும் அம்மா என் காதில், “ராசராசன் காலம்” என்றார். தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-இல். அதே காலத்தில்தான் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுந்தது. அந்தப் பௌத்தக் கோயில் இன்று இல்லை. உங்கள் மண் சுவர் இருக்கிறது. மழை அரிதான ஊர் என்று நம்பிப் போட்ட மண் கூரை, இப்போது பெய்கிற மழையில் கசிகிறது என்று ஒரு மூலையில் ஈரம் இறங்கிய கறையைக் காட்டினீர்களே, அந்தக் கறை இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

காசாவில் அக்கா வீட்டில் இரண்டு நாள். கீ மடாலயத்தில் வெண்ணெய்த் தேநீர் குடித்தது, கிப்பரில் பார்லி அறுவடை பார்த்தது எல்லாம் நன்றாகவே போனது. அதனால்தான் தவறு செய்தோம்.

லாங்சாவுக்குப் பகலில் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள், அங்கே தங்க வேண்டாம் என்று அக்கா சொன்னார். ஊர் 4,400 மீட்டரில் இருக்கிறது. இரவில் அங்கிருந்து தெரிகிற நட்சத்திரங்களைப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அம்மா நன்றாகத்தானே இருக்கிறார் என்றேன். ஒரே நாளில் தூங்கும் இடம் 700 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. அக்கா, உங்கள் பேச்சைக் கேட்காததற்கு இங்கே எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

லாங்சா அமா, உங்களுக்கு என்ன எழுதுவது? (ஸ்பிதியில் அம்மாவை ‘அமா’ என்றுதான் அழைக்கிறார்கள். அன்று அந்த வீட்டுக் குழந்தை அப்படிக் கூப்பிட்டபோது எங்கள் அம்மா திரும்பிப் பார்த்தார்.) மாலையில் உங்கள் நடு அறையில் தந்தூரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். அங்கே தந்தூர் என்றால் வறட்டியும் விறகும் எரிகிற இரும்பு அடுப்பு, வீட்டின் கதகதப்பே அதுதான். நீங்கள் துக்பா என்ற நூடுல்ஸ் சூப்பை ஊற்றினீர்கள். அம்மா இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை, தலைவலி என்றார். அலுப்பு என்று நான் நினைத்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு வாந்தி எடுத்தார். எழுந்து நடந்தபோது கால் தடுமாறிச் சுவரைப் பிடித்தார். நான் காலைவரை பார்க்கலாம் என்றேன். நீங்கள் என்னிடம் பேசவே இல்லை. நேரே போய் வெளி அறையில் தூங்கிய ஓட்டுநர் அண்ணனை எழுப்பினீர்கள். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். “தலைவலி என்றால் காத்திருக்கலாம். கால் தடுமாறினால் காத்திருக்கக் கூடாது. கீழே போகணும், இப்பவே” என்றார்.

அந்தக் குளிரில் வண்டி கிளம்ப மறுத்தது. உங்கள் மகனும் பக்கத்து வீட்டு மூன்று பேரும் வந்து சரிவுவரை தள்ளினார்கள். அவர்களில் ஒருவர் தன் பிக்கப்பில் முன்னால் போய் வளைவுக்கு வளைவு நின்று வெளிச்சம் காட்டினார். நீங்கள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு காசாவரை கூடவே வந்தீர்கள். வழி முழுக்க உங்கள் பொட்டி மொழியில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தீர்கள். ஓம் மணி பத்மே ஹூம் மட்டும் எனக்குப் புரிந்தது. டீசல் காசு கொடுக்கப் போனபோது அந்தப் பிக்கப் தம்பி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

காசா மருத்துவமனையில் அன்றிரவு பணியில் இருந்த செவிலியர் சகோதரிக்கு: நீங்கள் ஆக்சிஜன் வைத்து, ஊசி போட்டு, விடியும்வரை அரைமணிக்கு ஒருமுறை அம்மாவின் விரலில் அந்தச் சின்னக் கருவியை மாட்டிப் பார்த்தீர்கள். மருத்துவர் காலையில், இன்னும் கீழே கொண்டுபோங்கள் என்றார். நான் அழுதபோது நீங்கள் ஒரு பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மாதாஜி சரியாகிவிடுவார், நீ கொஞ்சம் குடி” என்றீர்கள். அக்கா தன் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்துவந்து அம்மாமேல் போர்த்தியதும் அப்போதுதான். “நான் அப்பவே சொன்னேனே” என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மறுபடியும் தாபோ, மூன்று நாள். மடாலய விருந்தினர் அறையில் அம்மா தூங்கினார், கஞ்சி குடித்தார், மூன்றாம் நாள் வெயிலில் உட்கார்ந்து பென்சில் கேட்டார். லாமா ஐயா, உங்கள் ஊர்ப் பையன் ஒருவன் தன் பள்ளி நோட்டிலிருந்து தாள் கிழித்துக் கொடுத்தான். நினைவிலிருந்து சுதனனை வரைந்தார் அம்மா.

அங்கே போகிற நம் ஊர்க்காரர்களிடம் இரண்டு வார்த்தை. சிம்லா வழியாகப் போங்கள், மெதுவாகப் போங்கள். அந்த வீட்டுக்காரர்கள் தங்க வேண்டாம் என்றால் தங்காதீர்கள். லாங்சாவில் ஒரு காலத்தில் கடலாக இருந்த மண்ணிலிருந்து கிடைக்கிற சுருள் புதைபடிவங்களைக் குழந்தைகள் நீட்டுவார்கள். வாங்காதீர்கள். அது அந்த ஊரிலேயே இருக்கட்டும்.

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார். சுதனன் ஓவியத்தை வண்ணம் தீட்டி முடித்துவிட்டார். அதில் ஆசிரியர்கள் வரிசையில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார், பொரி கொடுக்கிற ஒரு தொழிலாளி இருக்கிறார், அடுப்பருகே ஒரு அமா இருக்கிறார். தாபோவுக்குத் தபாலில் அனுப்பியிருக்கிறோம், ஐயா. பனி விழுவதற்குள் வந்து சேர வேண்டும்.

அக்கா, சால்வை எங்களிடமே வந்துவிட்டது. செவிலியர் சகோதரியின் பிளாஸ்கும்தான். இரண்டையும் துவைத்து, கழுவி, பத்திரமாக வைத்திருக்கிறோம். அடுத்த ஜூனில் சிம்லா வழியாக நாங்களே கொண்டுவருகிறோம். இந்த முறை உங்கள் வீட்டில் நான்கு இரவு.

அன்புடன்,
அம்மாவும் நானும்