திருகோணமலையில் இறங்கியும் கோணேசரைப் பார்க்காதவர்கள் சார்பில் ஒரு மடல்

சொகுசுக் கப்பல் நிறுவனங்களில் கரைச் சுற்றுலாவைத் திட்டமிடும் பிரிவினருக்கு,

வணக்கம்.

சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கு வழியாக இலங்கை வரை போய்வந்த பயணிகளில் நானும் ஒருத்தி. அறையிலோ சாப்பாட்டிலோ ஊழியர்கள் பழகிய விதத்திலோ எனக்கு ஒரு குறையும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மடல் வேறு ஒரு விஷயத்துக்காக.

கப்பல் ஒரு துறைமுகத்தில் பகல் பொழுது மட்டும் நிற்கிறது. அந்தப் பொழுதில் தொலைவில் இருக்கும் பேர் பெற்ற இடத்துக்குப் பேருந்தில் போவதா, இறங்கிய ஊரையே சுற்றிப் பார்ப்பதா என்று முடிவெடுக்க வேண்டியவர் பயணி. அவருக்குத் தேவையான கணக்கை நீங்கள் கொடுப்பதில்லை. எவ்வளவு தூரம், சாலையில் எத்தனை மணி நேரம், அந்த இடத்தில் கையில் மிஞ்சுவது எவ்வளவு, பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதை முந்திய நாளே ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான்.

திருகோணமலைக்கு முந்திய இரவு எங்கள் அறைக் கதவில் செருகியிருந்த தாளில் பெரிய எழுத்தில் இருந்தது சிகிரியா என்ற பாறைக் கோட்டை. முழுநாள் சுற்றுலா, மதிய உணவு உண்டு, நுழைவுச்சீட்டு உண்டு. திருகோணமலையைப் பற்றி, கப்பல் எத்தனை மணிக்கு வரும், எத்தனை மணிக்குக் கிளம்பும் என்பதைத் தவிர ஒரு வரி இல்லை.

என் அம்மா சிறு வயதிலிருந்து தேவாரம் ஓதுகிறவர். ஈழத்தில் பாடல் பெற்ற தலங்கள் இரண்டே. ஒன்று மன்னார்ப் பக்கம் உள்ள திருக்கேதீச்சரம், மற்றது திருகோணமலையில் உள்ள கோணேசர் கோயில். கடல் தாண்டிப் போகாமல் இராமேசுவரத்தில் நின்றபடியே சம்பந்தர் இரண்டையும் பாடினார் என்பது மரபு. திருகோணமலைப் பதிகத்தை விளக்கேற்றும் நேரத்தில் முணுமுணுக்காமல் அம்மாவுக்கு ஒரு நாளும் போனதில்லை. இந்தக் கப்பலுக்கு அவர் சம்மதித்ததே வழித்தடத்தில் அந்த ஊர்ப் பெயரைப் பார்த்துத்தான்.

சுற்றுலா மேசையில் போய்க் கேட்டோம். கோணேசர் கோயிலுக்குப் போக என்ன வழி, துறைமுக வாசல் வரை வண்டி உண்டா என்று. அங்கிருந்த இளைஞர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார். ஊருக்குள் பார்க்கும்படி எதுவும் இல்லை, எல்லோரும் சிகிரியாதான் போகிறார்கள், தனியாகப் போய்த் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. எழுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு அந்தக் கடைசி வார்த்தை போதும். அம்மா சிகிரியாவுக்குத் தலையாட்டிவிட்டார்.

திருகோணமலையிலிருந்து ஹபரணை வழியாகச் சிகிரியாவுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். பேருந்தில் போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், திரும்பவும் அவ்வளவு. கப்பலிலிருந்து இறங்க வரிசை, பேருந்தில் தலை எண்ணுவது, வழியில் கழிப்பறைக்கு நிறுத்துவது எல்லாம் போக, நாங்கள் குன்றின் அடிவாரத்தில் நின்றபோது உச்சி வெயில். ஒன்றேகால் மணி நேரம் தருகிறேன் என்றார் வழிகாட்டி. மேலே ஏற ஏறக்குறைய 1,200 படிகள். பேருந்தில் பாதிப் பேர் என் அம்மா வயதுக்காரர்கள். நீர்த் தோட்டத்தைத் தாண்டி முதல் படிக்கட்டு வரை நடந்தவர்கள், அண்ணாந்து பார்த்துவிட்டு மர நிழல் தேடித் திரும்பினார்கள். ஒரு பெரியவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தடுப்புச் சுவரில் உட்கார்ந்தவர், கிளம்பும் வரை எழவில்லை.

எங்கள் பேருந்து ஓட்டுநர் திருகோணமலைக்காரர். அம்மா அவரிடம்தான் கேட்டார், தம்பி, கப்பல் நிற்கிற இடத்திலிருந்து கோயில் எவ்வளவு தூரம் என்று. “ஆட்டோவில அரை மணி கூட வராது அம்மா. வெள்ளனப் போயிருந்தா பூசையும் பாத்திருக்கலாம்” என்றார் அவர். அதற்குப் பிறகு கப்பல் ஏறும் வரை அம்மா பேசவில்லை. மதியப் பொட்டலத்தையும் பிரிக்கவில்லை.

சிகிரியாவை நான் குறைத்துப் பேசவில்லை. ஐந்தாம் நூற்றாண்டில் காசியப்பன் என்ற மன்னன் கட்டிய அரண்மனை, பாறை இடுக்கில் இன்றும் நிறம் மங்காத ஓவியங்கள், 1982இலேயே யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். எங்களோடு வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் ஓட்டமாக ஏறி இறங்கி, முகமெல்லாம் சிரிப்போடு வந்தார்கள். அவர்களுக்கு அது சரியான தேர்வு. தனக்குச் சரியானதைத் தேர்வு செய்ய என் அம்மாவுக்கும் உரிமை உண்டு என்கிறேன்.

ஊருக்குள் எதுவும் இல்லை என்று சொன்ன இடத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடலுக்குள் நீண்ட பாறை முனையில் கோயில். அதைப் போர்த்துக்கீசியர் 1620களில் இடித்து, அந்தக் கல்லையே கொண்டு கோட்டை கட்டினார்கள். இன்று பிரெட்ரிக் கோட்டை என்று பெயர். கோயிலுக்குப் போகும் பாதை அந்தக் கோட்டைக்குள்தான். புள்ளிமான்கள் ஆள் பயமின்றி வழியில் மேய்ந்துகொண்டிருக்கும். இடிந்த கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். பக்கத்தில் இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு. ஊருக்குச் சற்று வெளியே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வடக்கே நிலாவெளிக் கடற்கரை. முழங்கால் வலிக்காரரும் மதியச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடலாம்.

இது ஒரே ஒரு துறைமுகத்தின் கதை இல்லை. உங்கள் விளம்பரங்களில் பாரிஸ் என்று போடுகிறீர்கள், கப்பல் நிற்பது லெ ஹாவ்ரில். பாரிஸ் அங்கிருந்து 200 கிலோமீட்டர். ரோம் என்றால் சிவித்தாவெக்கியா, பாங்காக் என்றால் லேம் சபாங், கோலாலம்பூர் என்றால் போர்ட் கிள்ளான். கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடைத்தெருவுக்குப் போனால் பூக்கடையும் புடவைக் கடையும் வாழையிலைச் சாப்பாடுமாக ஒரு தமிழ் ஊரே இருக்கிறது. அதைக் கடந்து நெரிசலில் தலைநகருக்கு விரைந்து, இரட்டைக் கோபுரத்தின் முன்னால் ஒரு படம் எடுத்துக்கொண்டு விரைந்து திரும்புகிறோம். வேறு வழி உண்டு என்று யாரும் சொல்லவில்லையே!

இதே பயணத்தில் பினாங்கில் எங்களுக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை. ஸ்வெட்டன்ஹாம் துறையில் இறங்கினால் ஜார்ஜ் டவுன் ஊரே எதிரில். அம்மா என் கையைப் பிடித்தபடி குவீன் தெரு மகாமாரியம்மன் கோயில் வரை நடந்தே வந்தார். 1833இல் எழுந்த கோயில் அது. தொழுதுவிட்டு, கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் தேநீர் குடித்துவிட்டு, நிதானமாகத் திரும்பினோம். அங்கே துறையே ஊரின் வாசலில் இருப்பதால் உங்கள் தாளின் தயவு தேவைப்படவில்லை. திருகோணமலையைப் போல சரக்கு வண்டிகள் ஓடும் துறைமுகத்துக்குள் பயணி கால்நடையாகப் போக முடியாது. அங்கே நீங்கள் வழி சொன்னால்தான் உண்டு.

கப்பல் காத்திருக்காது என்ற விதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் கப்பல் நிற்கும், தானாகப் போனவருக்கு நிற்காது. நியாயமான விதி. 100 கிலோமீட்டர் போகிறவர் உங்களோடு போவதே புத்தி என்பதற்கு இது நல்ல காரணம். ஆனால் அரை மணித் தொலைவில் உள்ள கோயிலுக்குப் போக நினைக்கும் முதியவரிடம் அதே விதியைச் சொல்லிப் பயமுறுத்துவது எந்த வகையில் நியாயம்? பக்கத்தில் போகிறவருக்குத்தான் ஆபத்து மிகக் குறைவு. அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பேருந்தில் இடம் விற்பது உங்கள் தொழில், அதில் எனக்கு வருத்தமில்லை. அதற்காகக் கரையில் இருக்கும் ஊரையே இல்லை என்று சொல்லிவிட்டது பொறுக்கவில்லை.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கையை மீண்டும் பணிவோடு வைக்கிறேன். தொலைவுச் சுற்றுலாவையும் உள்ளூரையும் ஒரே தாளில் அருகருகே போடுங்கள். போகவர ஆகும் நேரத்தையும் இடத்தில் கிடைக்கும் நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். எத்தனை படி, நிழல் உண்டா, சக்கர நாற்காலி போகுமா என்று குறியுங்கள். கோயில் என்றால் நடை திறக்கும் நேரத்தையும் சாத்தும் நேரத்தையும் கேட்டுப் போடுங்கள். கப்பல் கடிகாரமும் ஊர்க் கடிகாரமும் வேறுபட்டால் அதைக் கொட்டை எழுத்தில் சொல்லுங்கள். துறைமுக வாசல் வரை ஒரு ஷட்டில் விடுங்கள். கட்டணம் வைத்தாலும் தருகிறோம்.

அடுத்த பருவத்துக்கான கையேடு அச்சுக்குப் போகும் முன் திருகோணமலைப் பக்கத்தில் மட்டுமாவது இதைச் செய்து பாருங்கள். விவரம் சேர்க்க ஆள் வேண்டுமென்றால், உங்கள் பேருந்தை ஓட்டிய அந்த ஓட்டுநரிடமே கேட்கலாம். பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கப்பலில் அம்மாவோடு வந்த பயணி