93 பாகையில் தண்ணீர் கொதிக்கும் ஊரிலிருந்து

உதகமண்டலம்,
டிசம்பர் 14.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. தாமதத்துக்கு உறைபனியைக் காரணம் சொல்லலாம். விடிகாலையில் பேனாவைப் பிடிக்க விரல் மடங்குவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் எட்டு வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்திய பிறகு முனைவர் பட்ட ஆய்வில் சேரலாமா என்று நீ கேட்டிருந்ததற்கு, சட்டென்று ஆம் என்றோ வேண்டாம் என்றோ எழுத எனக்கு மனம் வரவில்லை.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். தேசியத் தகுதித் தேர்வு வழியாக வரும் ஆய்வு உதவித்தொகை, 2023 ஜனவரி முதல், தொடக்க இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன் பிறகு 42,000 ரூபாய். தொகையில் குறையில்லை, வரும் நாள்தான் தெரியாது. எனக்கு ஒருமுறை ஐந்து மாதத் தொகை மொத்தமாக வந்தது. அதற்குள் மளிகைக் கடைக்காரர் என் தலையைக் கண்டாலே கடன் நோட்டைப் புரட்டத் தொடங்கியிருந்தார்.

அதைக்கூடச் சமாளித்துவிடலாம். பள்ளியில் மாலை மணி அடித்தால் உன் நாள் முடிகிறது. ஆய்வு மாணவனுக்கு அந்த மணி அடிப்பதே இல்லை. சோலைக்குள்ளிருந்து, அதாவது இந்த மலையின் இயற்கைக் காட்டிலிருந்து, வரும் ஓடையையும், மனிதர் நட்டு வளர்த்த சீகை மரக் காட்டுக்குள் ஓடும் ஓடையையும் அளந்து, மழை நின்ற பிறகு எதில் எவ்வளவு நீர் நிற்கிறது என்று ஒப்பிடுவது என் வேலை. போன வருடம் தென்மேற்குப் பருவத்தில் ஒரு கருவியின் குழாயில் சேறு அடைத்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. ஒரு பருவத்தின் அளவுகள் போயின. அடுத்த மழைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் இரவு இரண்டு மணிக்கு விழித்து, கணினியைத் திறந்து, ஒன்றும் செய்யாமல் மூடுவேன். சாப்பாடு பெரும்பாலும் தேநீரும் வர்க்கியும்தான். ஓர் இரவு அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸை, 14416-ஐ, அழைத்தேன். மறுமுனையில் தமிழிலேயே நிதானமாகப் பேசினார்கள். ‘ஒரு நாளில் நீங்கள் தொடங்கி அந்த நாளிலேயே முடிக்கிற வேலை ஏதாவது உண்டா?’ என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் பக்கத்து அரசுப் பள்ளியில் சனிக்கிழமை தோறும் அறிவியல் செய்முறை நடத்தக் கேட்டுப் போனேன். சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வெப்பநிலையைக் குறிக்கச் சொன்னேன். ஆறு குழுக்களில் ஐந்து 92, 93 என்று எழுதின. ஆறாவது குழு கொட்டை எழுத்தில் 100 என்று எழுதியிருந்தது. எப்படி என்று கேட்டதற்கு, ‘புத்தகத்துல அப்படித்தானே சார் இருக்கு’ என்றான் ஒரு பையன். வெப்பமானிதான் பழுது என்று ஒரு சிறுமி வேறொன்று வாங்கிப் போனாள். அதிலும் பாதரசம் 93-இலேயே நின்றது. தண்ணீர் தளபுளவென்று கொதிக்கிறது, கோடு மட்டும் ஏறவில்லை. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், மேட்டுப்பாளையத்தில் ஆயா வீட்டில் திறந்த பானையிலேயே சோறு வெந்துவிடும் என்றும், இங்கே அம்மாவுக்குக் குக்கர் இல்லாமல் முடியாது என்றும் சொன்னாள். பாதிப் பாடத்தை அவளே நடத்திவிட்டாள். சுமார் 300 மீட்டர் ஏறினால் கொதிநிலை ஒரு பாகை இறங்கும், உதகை 2,240 மீட்டரில் இருக்கிறது என்று நான் கரும்பலகையில் எழுதியதும் அவர்களே வகுத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1742-இல் செல்சியசு தம் அளவுகோலை வகுத்தபோது கொதிநிலைக்குத்தான் 0, உறைநிலைக்கு 100 என்று வைத்திருந்தார் என்றதற்கு ஒரே சிரிப்பு.

100 எழுதிய பையனை நான் கண்டிக்கவில்லை. சேறு அடைத்த பருவத்துக்கு, வந்திருக்க வேண்டிய எண்களை நானே இட்டு நிரப்பினால் என்ன என்று இரண்டு இரவுகள் யோசித்தவன் நான். உனக்கு மட்டும் சொல்கிறேன். கடைசியில் அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டு, காரணத்தை நெறியாளரிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொண்டார், இரண்டாம் நாள் புதுக் குழாய் வாங்கக் கையெழுத்தும் போட்டார்.

ஆகவே சேர்வதானால் பகுதிநேரமாகச் சேர். வகுப்பறையை மட்டும் விட்டுவிடாதே. வீட்டில் கலந்து பேசு. வாரத்தில் ஒரு நாள் ஆய்வைத் தொடுவதில்லை என்று இப்போதே முடிவு செய்துகொள். நான் ஞாயிறு மாலையில் முத்தோரைப் பக்கம் நடக்கிறேன், தூக்கம் ஓரளவு திரும்பியிருக்கிறது.

பிள்ளைகளின் அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். தூத்துக்குடியில் உன் வகுப்பிலும் இதைச் செய்து எண்களை அனுப்பு. உப்புத் தண்ணீர் வேண்டாம், கொதிநிலை ஏறிவிடும். அங்கே 100 வருகிறதா என்று அந்தப் பையன் இரண்டு சனிக்கிழமையாக என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

உன் பழைய
அறைத்தோழன்